ஜீப்புக்குப் பல் கட்டிய கதை

எனக்குப் பெண் பார்த்த வருடத்தில், சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் இருந்த ஒரே சொத்து ஒரு பழைய ஜீப்தான். கொள்ளிடத்துக்கு வடகரையில் எங்கள் ஊர். படுகையில் வாழைத் தோட்டம் உண்டு, ஆனால் அதில் பங்காளிகளும் உண்டு. ஜீப்பில் மட்டும் யாருக்கும் பங்கு கிடையாது. பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது தென்னூர் மாமாவும் நானும் போய் எடுத்தது அது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தென்னூரில் சின்னதாக அரிசி மண்டி வைத்திருந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான். ஏலத்தில் தான் கையைத் தூக்கியது எதிரே வந்த ஒருவருக்கு வணக்கம் சொல்லத்தான் என்று பிற்பாடு பல வருடங்கள் சாதித்துக்கொண்டிருந்தார். நான் நம்பவில்லை.

பார்க்க லட்சணமான வண்டி இல்லை. கதவு கிடையாது. மேலே கித்தான் கூரை, அதிலும் மழை வரும் பக்கம் பார்த்துக் கிழிசல். ஆனால் கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி இருந்தது. அதைத் தள்ளினால் பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். படுகை மணலில் பாரவண்டி அச்சுவரை புதைந்து மாடு முட்டி போடும் இடத்தில், என் ஜீப் பின்னால் ஒரு டிரெய்லர் நிறைய வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு உறுமியபடி ஏறி வந்துவிடும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் என்னிடமே தார் ஏற்றினார்கள். பாரவண்டிக்காரர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பித் துப்பினார்கள். காந்தி மார்க்கெட்டில் எனக்கு ‘ஜீப்புக்காரர்’ என்று பெயர் வந்தது. எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் இருந்தது.

அந்தப் பெயர் ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் கடைத்தெருவரை போய், அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் காதில் விழுந்தது. அவருக்கு ஒரே பெண். சொந்தத் தொழிலும் சொந்த வண்டியும் உள்ள பையனாகத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னைப் பார்த்ததைவிட வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டு முறை சுற்றி வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார். “மணல்ல நல்லா இழுக்குதுங்களா?” என்று கேட்டார். என் குணம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காபி கொண்டுவந்தாள். குனிந்த தலை நிமிராமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தாள். வந்திருப்பவன் யார், எப்படிப்பட்டவன் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் பார்வை அது. எனக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து மார்க்கெட்டில் தார் எண்ணும்போது எனக்குக் கணக்குத் தப்பியது. அவள் அப்பாவோ பெண்ணை ஜீப்புக்குத்தான் கொடுக்கிறார், நான் அதை ஓட்டிக்கொண்டு வருகிற ஆள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆடி கழிந்ததும் ஆவணியில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது.

ஆனிக் கடைசியில் ஜீப் காலை வாரிவிட்டது. ஆற்று வெள்ளம் வருவதற்குள் இருக்கிற தாரையெல்லாம் வெளியேற்றிவிட வேண்டும் என்று வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றியிருந்தேன். நட்டநடு மணலில் குட்டிக் கம்பியைத் தள்ளினேன். அடியிலிருந்து நறநறவென்று ஒரு சத்தம். கோபக்கார மாமியார் பல்லைக் கடிக்கிற சத்தம் அது. அப்புறம் ஒரு கடமுடா. அதற்கப்புறம் எஞ்சின் மட்டும் ஓடியது, வண்டி நகரவில்லை. பாரவண்டிக்காரர்கள் இரண்டு ஜோடி மாட்டோடு வந்து கயிறு கட்டிக் கரையேற்றினார்கள். கூலி கேட்கவில்லை. அன்றைக்கு அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு நான்தான் கூலி வாங்கியிருக்க வேண்டும்.

வண்டியைத் திருச்சி கண்டோன்மெண்டில் இருந்த ஜீப் ஏஜென்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஸ்ரீரங்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. வருங்கால மாமனார் கண்ணில் ஜீப் கயிறு கட்டி இழுபட்டுப் போவது பட்டால் கல்யாணம் அதோடு சரி. எனவே வண்டி முழுவதையும் வாழைச் சருகால் மூடி, ஒரு லாரிக்குப் பின்னால் கட்டி, சருகுப் போர் ஒன்று தானாக நகர்ந்து போகிறமாதிரி கொண்டுபோனோம். தென்னூர் மாமா லாரியில் முன்னால் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் வந்தால் பேச்சுக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஸ்ரீரங்கம் எல்லை தாண்டியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த ஏஜென்சி இப்போது இல்லை. இருந்தாலும் பெயர் சொல்ல மாட்டேன். கண்ணாடிக் கதவு, மேலே விசிறி, நடுவில் விற்பனைக்கு ஒரு புது ஜீப். டை கட்டிய மேனேஜர் என் ஜீப்பைக் கண்டதும், செத்த வீட்டில் பேசுகிறமாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு, எஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதைக் கழற்றிப் பிரித்துப் போட்டார்கள். உள்ளே பல் சக்கரத்தில் இரண்டு பல் உடைந்து எண்ணெய்க்குள் கிடந்தது.

“ரெண்டு பல்லு போயிருக்கு சார். மீதியும் தேஞ்சு போச்சு. செட்டா மாத்தணும்” என்றார் மேனேஜர்.

“போன ரெண்டை மட்டும் வெச்சுக் குடுங்க.”

“பல்லு தனியா வராது சார். செட்டாத்தான் வரும். அதுவும் மெட்ராஸ்லேர்ந்து வரணும்.”

ஒரு காகிதத்தில் தொகை எழுதிக் காட்டினார். ஏலத்தில் ஜீப்பை எடுத்த விலையில் பாதிக்கு மேல். பிரித்துப் பார்த்ததற்கு ஒரு சார்ஜ். திருப்பி மாட்டுவதற்கு ஒரு சார்ஜ். மாட்டவேண்டாம் என்றால் பிரித்த சார்ஜை மட்டும் கட்டிவிட்டு, பிரித்ததைச் சாக்கில் போட்டு எடுத்துப் போகலாம். “பழைய ஆயிலைக் கீழ விட்டுட்டோம், அதுக்குச் சார்ஜ் இல்லை” என்றார். எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவர் குரலில்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், யோசித்துச் சொல்கிறேன் என்று விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

நான் வெளியே நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த மாமாவிடம் குமாஸ்தா, மெட்ராஸிலிருந்து சரியான விலை வந்ததும் சொல்வதற்கு ஏதாவது போன் நம்பர் உண்டா என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் போன் கிடையாது. மாமாவின் மண்டியிலும் கிடையாது. மாமா பெருமையாக ஸ்ரீரங்கம் பாத்திரக்கடை நம்பரைக் கொடுத்துவிட்டார். “எங்க சம்பந்தி கடைதான். அங்க சொன்னா சேதி வந்துடும்” என்றாராம். போன் வைத்திருக்கிற சம்பந்தி அமைந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது அவருக்கு நஷ்டமாகப் பட்டிருக்கிறது. சருகு போட்டு மூடியதெல்லாம் எதற்கு என்பதை மனுஷர் சுத்தமாக மறந்துபோனார். என்னிடமும் சொல்லவில்லை.

அடுத்து நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பட்ட பாடு யாருக்கும் புரியாது.

நாலைந்து நாள் கழித்துக் குமாஸ்தா பாத்திரக்கடைக்குப் போன் செய்தார். கடையில் யாரோ கல்யாணச் சீருக்கு வாங்கிய அண்டாவில் உளியால் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த டொக்கு டொக்கில் பாதி வார்த்தைதான் காதில் விழும். குமாஸ்தா என் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னார். ஜீப் என்ற வார்த்தை வந்ததா, வந்தும் உளிச் சத்தத்தில் போய்விட்டதா, தெரியாது.

“அவரோட பல்லு விஷயங்க. ரெண்டு ஒடைஞ்சு உள்ளயே விழுந்து கெடந்துச்சு. மீதியும் தேஞ்சு போச்சு. மொத்தமா செட்டு மாத்தணும். மெட்ராஸ்லேர்ந்து வரவழைக்கணும்.”

பல் செட்டு என்றால் நம் ஊரில் யாருக்கும் ஒரே அர்த்தம்தான். பாத்திரக்கடைக்காரர் இடிந்துபோய், “மாட்டினா பழையபடி வேலை செய்யுங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“புதுசு மாதிரியே இருக்கும். கடினமான வேலை மட்டும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்று குமாஸ்தா தொகையையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பல் செட்டுக்குக்கூட ஏஜென்சி வந்துவிட்ட காலம் போலிருக்கிறது என்று பாத்திரக்கடைக்காரர் நினைத்துக்கொண்டாராம்.

மறுநாளே காந்தி மார்க்கெட்டுக்கு என்னைத் தேடி வந்துவிட்டார். பாரவண்டியிலிருந்து தார் இறக்கிக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டதும் பாரவண்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“தம்பி, எல்லாம் கேள்விப்பட்டேன். ஏஜென்சிலேர்ந்து போன் வந்துச்சு.”

ஜீப் செத்த சேதி தெரிந்துவிட்டது, இனி மறைத்துப் பயனில்லை. “ரெண்டுதாங்க மாமா போயிருக்கு” என்றேன்.

“மீதியும் தேஞ்சு போச்சாமே.”

“அது அவங்க வியாபாரத்துக்குச் சொல்றதுங்க.”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலைத் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

“எப்படிப்பா ஒடைஞ்சுது?”

“ஆத்து மணல்ல பாரம் ஜாஸ்தியா இழுத்தேங்க. தாங்கல.”

“அதுக்கு மாடு இல்லையா?”

“மாட்டைவிட இது நல்லா இழுத்துச்சுங்க.”

அவர் குனிந்து என் தாடையை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, “வெளியே பாத்தா ஒண்ணும் தெரியலையே” என்றார்.

“வெளியே தெரியாதுங்க. உள்ள பிரிச்சாத்தான் தெரியும்.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க” என்றேன். அது சத்தியமான வார்த்தை. சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது.

அவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். தோளைத் தட்டி, “பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்று போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்றே பெண்ணிடம் கேட்க மாட்டார்கள். இவர் கியர் பெட்டியைப் பற்றிக் கேட்கப் போகிறார். தென்னூர் மாமாவிடம் சொன்னேன். “எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச பொண்ணு. வண்டி சமாச்சாரம் தெரிஞ்சிருக்கும்” என்றார். போன் நம்பர் கொடுத்தது தான்தான் என்பதையும் அப்போதுதான் மெல்ல அவிழ்த்தார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆடிக்காற்றும் சேர்ந்துகொண்டது. குலை தள்ளிய வாழையில் பாதி சாய்ந்தது. ஜீப் படுத்துவிட்ட தைரியத்தில் பாரவண்டிக்காரர்கள் கூலியை ஏற்றினார்கள். ஏஜென்சி கேட்ட தொகைக்கு நான் எங்கே போவது? நடுவில் ஒரு நாள் போய் மேனேஜரிடம் பேரம் பேசிப் பார்த்தேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். காபி வரவழைத்துக் கொடுத்தார். தொகையில் காலணாகூடக் குறைக்கவில்லை. காபிக்குச் சார்ஜ் போடாததே பெரிது என்று திரும்பி வந்தேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டால் அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஜீப் இல்லாத என்னை அந்தப் பெண் எதற்குக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. கடைசியில் வெறுத்துப்போய், பிரித்த சார்ஜை மட்டும் கட்டிவிட்டு, இரும்பைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்து ஏஜென்சிக்குப் போனேன். சாக்கையும் கையோடு எடுத்துப் போனேன்.

சாக்கைப் பார்த்ததும் குமாஸ்தா சிரித்தார். “இது எதுக்குங்க? செட்டுதான் வந்துடுச்சே.”

“யார் வரவழைக்கச் சொன்னது?”

“ஸ்ரீரங்கத்துலேர்ந்து போன் பண்ணிச் சொன்னாங்க. பணமும் அவங்களே கட்டறாங்களாம்.”

நான் மேனேஜர் அறைக்குள் புகுந்து சத்தம் போட ஆரம்பித்தேன். என் வண்டிக்கு யாரோ சம்மதம் சொன்னால் எப்படி வரவழைக்கலாம், இது எந்த ஊர் நியாயம் என்று நான் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பாத்திரக்கடைக்காரர் வந்தார். கையில் மஞ்சள் பை. புது ஜீப்பையும் சுவரில் தொங்கிய டயரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, நான்கு பேர் காதில் விழுந்து என் மானம் போய்விடக்கூடாதே என்று குமாஸ்தாவின் காதோரமாகக் குனிந்து கேட்டார்.

“பையனுக்குப் பல்லு செட்டு வந்துடுச்சுங்களா?”

“வந்துடுச்சுங்க. பாக்கறீங்களா?”

உள்ளே போய் ஒரு தகரத் தட்டில், எண்ணெய்க் காகிதம் சுற்றிய சாமானை இரண்டு கையாலும் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மேஜை அதிர்ந்தது. காகிதத்தைப் பிரித்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு இரும்புப் பல் சக்கரம், அதற்குத் துணையாகச் சின்னதும் நடுத்தரமுமாக இன்னும் சில. பாத்திரக்கடைக்காரர் அதைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

“இது யாருக்கு?” என்றார்.

“சாரோட ஜீப்புக்குங்க.”

“ஜீப்புக்கா பல்லு போச்சு?”

“பின்ன எதுக்குங்க?” என்றார் குமாஸ்தா.

அவர் என்னிடம் வந்து, “தம்பி, வாயைத் தொறங்க” என்றார். மாட்டுச் சந்தையில் கேட்கிற அதே தோரணை. எதற்கு என்று புரியாமலே திறந்தேன். முன்வரிசை, பின்வரிசை எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, புது ஜீப்பின் படியில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பு அப்புறம்தான் வந்தது. வந்தது நிற்கவில்லை. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல எனக்கு விஷயம் விளங்கியது. மேனேஜர்கூட டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், மார்க்கெட்டில் நான் சொன்ன பதில்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்வரை.

சிரித்து ஓய்ந்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. “மாமா, பணம் கட்ட வந்தீங்களே, எதுக்கு?” என்று கேட்டேன்.

அவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். “நான் வேற எடம் பாக்கலாம்னுதான் தம்பி சொன்னேன். பல்லு போன பையனுக்கா குடுக்கறதுன்னு. அவதான் கேக்கல. ‘வேற எடம் வேண்டாம்பா. செட்டு வாங்கக் காசு இல்லாம வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம இருந்திருப்பாரு. எனக்கு வளையலுக்கு வெச்சிருக்கறதை எடுத்துக் கட்டிடுங்க. மனுஷன் சாப்பிட வேண்டாமா?’ன்னா.”

ஜீப்புக்காகத்தான் எனக்குப் பெண் என்று இத்தனை நாளும் குமைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணோ ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தவனுக்கு, பல்லே இல்லை என்று நம்பி, தன் வளையலுக்கு வைத்த பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் விசிறிக்குக் கீழே போய் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். கண்ணில் தூசி என்று சொல்வதற்கு அங்கே தூசியும் இல்லை.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். “அப்ப பில்லு யார் பேர்ல சார் போடறது?”

வேண்டாம், பணத்தைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மாமனார் கேட்கவில்லை. “திருப்பிக் கொண்டுபோனா அவகிட்ட என்ன சொல்றது? அவ குடுத்தனுப்பினது உங்களுக்கு. நீங்க வாயில வெச்சுக்கங்க, வண்டியில வெச்சுக்கங்க” என்று எண்ணிக் கட்டிவிட்டார். மாட்டுகிற சார்ஜில் கொஞ்சம் குறைக்கும்படி அவரும் கேட்டுப் பார்த்தார். மறுபடி காபிதான் வந்தது.

ஆவணியில் தாம்பூலம் மாற்றினார்கள். பெண் வீட்டுச் சொந்தக்காரப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என் முகத்துக்கு நேரே வந்து நின்று ஏதாவது கேட்டு, நான் பதில் சொல்லும்போது வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். ஓர் அத்தை சீடையைத் தட்டோடு கொண்டுவந்து, நான் கடிக்கும்வரை நகரவில்லை. உண்மை என்ன என்று மாமனார் எல்லோருக்கும் விளக்கியும் பலனில்லை. தெற்கு வாசலில் ரொம்ப நாள்வரை, “செட்டுதான், ஆனா நல்லாப் பொருந்தியிருக்கு” என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி.

தையில் கல்யாணம். மாசியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதால் ஜீப்பில் கூட்டிப்போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத மணல். குட்டிக் கம்பியைத் தள்ளினேன். சத்தமில்லாமல் முன் சக்கரம் இழுத்தது. அவள் கூரைக் கம்பியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். கையில் கண்ணாடி வளையல்தான்.

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். “நெஜமாவே பல்லு இல்லாதவன்னு நம்பித்தான் சரின்னு சொன்னியா?”

“ஆமாங்க.”

“அப்புறம் எப்படிச் சரின்னு சொன்னே?”

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வயசானா எல்லாருக்கும் போறதுதானேங்க. அதுவரைக்கும் கூட இருக்கத்தானே போறோம். உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

மணலில் நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது கஷ்டம் என்று தெரிந்தும் வண்டியை நிறுத்திவிட்டேன்.